மேல் குழல், கீழ்க் குழல்

எங்கள் தெருவில் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். துப்பாக்கி இருந்த வீடும் எங்களுடையது ஒன்றுதான். முதலாவதைப் பற்றி நான் பள்ளியில் வாய் திறந்ததே இல்லை. இரண்டாவதைப் பற்றிப் பேசாமல் இருந்ததே இல்லை.

மாடம்பாக்கத்தில் இருந்தோம். அப்பா கன்மேன். கன்மேன் என்றால், தன் பெயரில் உரிமம் உள்ள துப்பாக்கியோடு வங்கி வாசலிலோ நகைக்கடை வாசலிலோ நிற்கும் காவலாளி. கம்பு வைத்திருக்கும் காவலாளிக்கு ஒரு சம்பளம், துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அதைவிடக் கூடுதல். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் பெரும்பாலும் இந்த வேலைக்கு வருவார்கள். அப்பாவுக்கும் ராணுவத்துக்கும் இருந்த தொடர்பு குடியரசு தினத்தன்று டிவியில் அணிவகுப்பு பார்ப்பதோடு சரி. அவர் ஒரு மாந்தோப்புக்குக் காவல் இருந்தவர். தோப்பின் சொந்தக்காரர் அதை மனை மனையாகப் பிரித்து விற்றுவிட்டுக் கிளம்பும்போது, தோப்புக்கென்று வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை அப்பாவின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தத் துப்பாக்கியை வைத்துத்தான் அப்பா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு நகைக்கடை வாசலில் நின்றார். அவர் அங்கே நின்றதால்தான் நான் ஆங்கிலப் பள்ளியில் படித்தேன். அப்பா பக்கத்திலும் சரி, அம்மா பக்கத்திலும் சரி, பேருந்தின் பெயர்ப்பலகையை யாரையும் கேட்காமல் படித்து ஏறிய முதல் ஆள் நான்தான். அந்த கர்வம் எனக்கு இன்றும் உண்டு, குறைத்துக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

நான் ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாதாம். அப்பாவின் காரியம் முடிவதற்குள் போலீஸ் நிலையத்திலிருந்து வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அதை எடுத்துப் போனார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

ஷேர் ஆட்டோ ஓட்டும் சித்தப்பா அம்மாவுக்கு வழி சொன்னார். "வித்துடுங்க அண்ணி. வர்றத பாப்பா பேர்ல போட்டுடலாம். அதே கடைல லேடீஸ் கைப்பை பாக்கற வேலை கீதாம், நான் பேசறேன்."

"அந்த வேலைக்கு இன்னா குடுப்பாங்க?"

"கம்பு புடிக்கறவனுக்குக் குடுக்கறத விடக் கம்மிதான்."

"அப்ப இவள எங்க படிக்க வைக்கிறது? துப்பாக்கிக்கு அவ்ளோ குடுக்கறாங்கன்னா நானே புடிச்சுக்கினு நிக்கறேன். எனக்கு இன்னா கை இல்லையா?"

சித்தப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வாரிசு என்ற முறையில் உரிமத்தைத் தன் பெயருக்குக் கேட்டு மனு போட்டாள். விசாரணைக்கு வந்த காவலர் பக்கத்து வீட்டு அக்காவிடம், "இந்தம்மா கோவக்காரங்களா?" என்று கேட்டார். "தண்ணி லாரி வர்ற அன்னிக்கு மட்டும் சார்" என்றாள் அந்த அக்கா. அதையும் மீறி உரிமம் கிடைத்தது.

துப்பாக்கிப் பயிற்சிக்குப் போய் வந்த முதல் நாளே அம்மாவின் வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. பயிற்சியில் கொடுத்தது அப்பாவுடையதைப் போலவே பன்னிரண்டு போர். போர் என்பது குழலின் அளவு. அது வெடிக்கும்போது பின்பக்கம் தோளில் வந்து இடிக்கும். சொல்லிக் கொடுத்தவர் அம்மாவின் தோளைப் பார்த்துவிட்டு, இருபது போர் கிடைத்தால் வாங்கிக்கொள், உன் உடம்புக்கு அதுதான் சரி என்று சொல்லி அனுப்பினார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். பன்னிரண்டைவிட இருபது பெரிது. கணக்கில் நான் வகுப்பில் இரண்டாவது.

பட்டணத்தில் பழைய துப்பாக்கிகளையும் விற்கும் ஒரு கடைக்கு அம்மா என்னையும் அழைத்துப் போனாள். சித்தப்பா கூட வந்தார். கடைக்காரர் வயதானவர், தும்பைப்பூப் போல வெள்ளைச் சட்டை. அப்பாவின் துப்பாக்கி முறைப்படி அங்கே வந்து சேர்ந்திருந்தது. அம்மா அதைக் காட்டிக் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்குக் காது சூடாகிவிட்டது.

"சார், பழசுக்கு இன்னா எடுத்துப்பீங்க?"

பாத்திரக் கடையில் ஓட்டைக் குடத்தைப் போட்டுவிட்டுப் புதிது வாங்கும் குரல். அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த இரண்டு கனவான்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் மரியாதையாகவே பேசினார். உள்ளே போய் ஒரு துப்பாக்கியை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

"இருபது போர்மா. ஓவர் அண்டர். மலையில எஸ்டேட் வச்சிருந்த ஒருத்தர் அவரோட மகளுக்காக வாங்கினது. நல்ல சாமான். ஆனா யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. இந்த அளவுக்குத் தோட்டா சுலபமா கிடைக்காது. அதனாலதான் உங்களுக்குக் கட்டுப்படியாகற விலைக்கு வருது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் துப்பாக்கியில் இரண்டு குழல்கள் பன்றியின் மூக்குத் துளைகளைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இதில் ஒன்றின் மேல் ஒன்று. அதைவிட, இது எவ்வளவு ஒல்லி! பன்னிரண்டைவிட இருபதுதானே அங்கிள் பெரிது என்று ஆங்கிலத்திலேயே கேட்டேன், நாங்களும் படித்தவர்கள்தான் என்று தெரியட்டுமே என்று. கடைக்காரர் சிரித்துவிட்டார். இதில் எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும் பாப்பா என்றார். கனவான்களில் ஒருவரும் சிரித்தார். அன்றைக்கு முழுக்க நான் பிறகு ஆங்கிலம் பேசவில்லை.

அம்மா துப்பாக்கியை எடுத்தாள். விரல் முட்டியால் குழலைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். கட்டையில் ஓரிடத்தில் கீறல் இருந்தது, அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மழையில் நனைந்தால் துருப்பிடிக்குமா என்று கேட்டாள். கடைக்காரர் அதை நடுவில் மடித்துத் திறந்து, தோட்டா போடும் இடத்தையும், மேல் குழல் முதலில் வெடிக்க வேண்டுமா கீழ்க் குழலா என்று மாற்றிக்கொள்ளும் சின்னப் பொத்தானையும் காட்டினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு அதைத் தோளோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு கடையின் நடுவில் போய் நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

கடைக்காரர் பார்த்தார். கனவான்கள் பார்த்தார்கள். தெருவில் போனவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். பூப்போட்ட நைலக்ஸ் புடவையில், கையில் துப்பாக்கியோடு, பேருந்துக்குக் காத்திருப்பவளைப் போல அம்மா நின்றாள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினாள். மறுபடி நின்றாள். நான் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணி, இன்னா பண்றீங்க?"

"இரு தம்பி, கை வலிக்குதான்னு பாக்கறேன்."

"சுட்டுப் பாக்கணும்னா ஏற்பாடு பண்ணலாம்மா" என்றார் கடைக்காரர்.

"சுடறது இன்னாத்துக்கு சார்? காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நிக்கறதுதான் வேலை."

நாற்காலிக் கனவான் வாயைப் பொத்திக்கொண்டார். பூமி பிளந்தால் நல்லது என்று நான் நினைத்தேன். அம்மா இன்னும் சிறிது நேரம் நின்றுவிட்டு, இது போதும் என்று சொல்லி வாங்கினாள். பழசையும் நல்ல விலைக்கே தள்ளிவிட்டதாக வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தத் துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றிவிடலாம். அப்பாவின் பழைய மழைக்கோட்டை வெட்டி அம்மா அதற்கு ஒரு உறை தைத்தாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கேட்பார்கள்.

"இன்னாம்மா அது, கிரிக்கெட் பேட்டா?"

"தையல் மெஷின் பார்ட்டு."

வேலையில் சேர்ந்த அன்று நடந்ததைச் சித்தப்பாதான் வந்து நடித்துக் காட்டினார். அவர்தான் அம்மாவை இறக்கிவிடப் போனவர். நகைக்கடை மேலாளர் துப்பாக்கியைப் பார்த்ததுமே முகம் சுளித்தாராம். சித்தப்பா வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேலாளரானார்.

"ஏம்மா, டபுள் பேரல்னுதானே பேச்சு? இது சிங்கிள் மாதிரி இருக்கே. கொசு அடிக்கவா கொண்டு வந்தே?"

பிறகு முந்தானையைச் செருகுவதுபோல் செய்து அம்மாவானார். "ரெண்டு கீது சார். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இப்டி தலைய சாய்ச்சுப் பாருங்க."

மறுபடி மேலாளர். "வர்ற கஸ்டமர் எல்லாம் தலையச் சாய்ச்சா பாப்பாங்க? கன்மேன்னா ஒரு பயம் வர வேணாமா? இதப் பாத்தா பரிதாபம்தான் வருது."

அம்மாவே விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளே எங்கோ சுருக்கென்றும் இருந்தது. கடைசியில் மேலாளர் ஒப்புக்கொண்டாராம். அப்பா அங்கே பல காலம் நின்றவர் என்பதாலும், பெண் கன்மேன் என்றால் கடைக்கு ஒரு விளம்பரம் என்பதாலும். சில நிபந்தனைகள் போட்டார் என்று மட்டும் சித்தப்பா சொன்னார். என்ன நிபந்தனை என்று நான் கேட்கவில்லை. சீருடையைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சீருடை வந்தது. நீல நிறக் கால்சட்டை, தோளில் பட்டை வைத்த சட்டை, சிவப்புத் தொப்பி. அம்மா பேன்ட் போட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தெருவில் சிலர் சிரித்தார்கள், சிலர் உச்சுக் கொட்டினார்கள். "புருசன் போயி வருசம் திரும்பல, பேன்ட்டு மாட்டிக்கினு போறா பாரு" என்று குழாயடியில் பேசியது என் காதிலேயே விழுந்தது. என் பள்ளி மாடம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அங்கே யாருக்கும் இது தெரியாது. நான் சொன்னதுதான் அங்கே கதை.

என் கதையில் துப்பாக்கி ஒல்லியாக இல்லை. புதுமாதிரித் துப்பாக்கி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. மற்ற கன்மேன்களுக்குக் குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அது பழங்காலம். எங்களுடையது மேலும் கீழும். பொத்தானை இந்தப் பக்கம் தள்ளினால் மேல் குழல், ஒரு திருடன் காலி. அந்தப் பக்கம் தள்ளினால் கீழ்க் குழல், அடுத்த திருடனும் காலி. அம்மா எப்போதும் தோட்டா நிரப்பியே வைத்திருப்பாள். மதிய உணவு இடைவேளையில் பொத்தானைத் தள்ளிக் காட்ட எனக்கு இங்க் பேனா உதவியது.

பக்கத்து இருக்கை ஜெனிதான் நம்பவில்லை. அவள் அப்பா ஏதோ அலுவலகத்தில் பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் காரில் போகிற குடும்பம். அவளுக்கு எதையும் கண்ணால் பார்க்க வேண்டும்.

"உங்கம்மா நிஜமாவே சுடுவாங்களா?"

"பின்ன?"

"யாரையாவது சுட்டிருக்காங்களா?"

"இன்னும் யாரும் வரலை. வந்தா தெரியும்."

"நான் பார்க்கணும்."

ஆயுத பூஜை வந்தது. நகைக்கடையில் அன்று காலை பூஜை முடிந்ததும் ஊழியர்களின் பிள்ளைகளுக்குப் பொரி, சுண்டல், ஒரு டப்பா இனிப்பு கொடுப்பார்கள். ஜெனியின் வீட்டில் கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு சித்தப்பாவின் ஆட்டோவில் போய் இறங்கினேன். அன்றைக்கு என் நடையே வேறு மாதிரி இருந்தது. வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தாள், தொப்பிக்குக் கீழே மல்லிகைப்பூ தெரிந்தது. ஜெனி நின்று பார்த்தாள். "ஏய், சூப்பர்டி" என்றாள். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதுமாக இருந்தது. அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

உள்ளே வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், சாம்பிராணிப் புகை. தராசுக்குப் பொட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு, கார்டு தேய்க்கும் கருவிக்குப் பொட்டு, பெரிய பெட்டகத்துக்குச் சந்தனம் வழிய வழிய. கடை முதலாளி, பெரியவர், குடும்பத்தோடு வந்திருந்தார். துப்பாக்கி ஆயுதம் அல்லவா, அதுவும் வேண்டும் என்று அவர் சொல்ல, அம்மா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆரம் வைத்துக் காட்டுகிற சிவப்பு வெல்வெட் தட்டில் அதை வைத்தார்கள். மேல் குழலுக்கு ஒரு பொட்டு, கீழ்க் குழலுக்கு ஒரு பொட்டு. நான் ஜெனியின் கையைக் கிள்ளினேன். பார்த்தாயா, இரண்டு.

கற்பூரம் காட்டி முடிந்தது. பெரியவரின் பேரன், ஏழெட்டு வயதுப் பையன், தட்டின் பக்கத்தில் போய்த் துப்பாக்கியை நோக்கிக் கையை நீட்டினான். அம்மா சட்டென்று முன்னால் வந்தாள்.

"தம்பி, தொடாதப்பா. அது விளையாட்டு சாமான் இல்ல."

அந்தக் குரல் எனக்குப் பெருமையாக இருந்தது. பையன் பயந்துபோய்த் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டான். மேலாளர் கடகடவென்று சிரித்தார்.

"அட, நீ ஏம்மா குழந்தையைப் பயமுறுத்தறே? உள்ள என்ன இருக்கு? உனக்குத் தெரியாதா, எனக்குத் தெரியாதா?"

துப்பாக்கியைத் தட்டிலிருந்து தானே எடுத்தார். நடுவில் மடித்துத் திறந்தார். எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.

"பாரு கண்ணா, காலி. சும்மா ஷோவுக்கு. பயப்படாத."

பெரியவர் புருவத்தை உயர்த்தினார். "அப்ப தோட்டா?"

"லாக்கர்ல பத்திரமா இருக்கு சார். அந்தக் கண்டிஷன்லதான் வேலைக்கே சேர்த்தேன். லேடீஸ் கையில லோட் பண்ணின கன் குடுத்துட்டு நாம நிம்மதியா வியாபாரம் பண்ண முடியுமா? நாளைக்கு யார் மேலயாவது பட்டுட்டா?"

"நல்ல யோசனைதான்" என்றார் பெரியவர்.

பையனுக்குப் பயம் போய்விட்டது. குழலின் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தான். "டெலஸ்கோப்!" என்று கத்தினான். மேலாளர் அவன் வசதிக்காகக் குழலைக் கூரையில் தொங்கிய சரவிளக்குப் பக்கம் உயர்த்திப் பிடித்தார். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்க அவனால் முடியவில்லை. தலையை ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, ஒரு கண்ணை மேல் குழலுக்கும் ஒரு கண்ணைக் கீழ்க் குழலுக்கும் வைக்கப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். விற்பனைப் பெண்களின் பிள்ளைகள், கணக்கரின் பிள்ளைகள் எல்லோரும் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவராகத் தலையைச் சாய்த்துச் சாய்த்து விளக்கைப் பார்த்தார்கள். குழலில் வைத்த சந்தனம் யாரோ ஒரு குழந்தையின் மூக்கில் ஒட்டியது, அதற்கும் ஒரு சிரிப்பு.

ஜெனியும் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் நிதானமாகப் பார்த்தாள். திரும்பி வந்து என் காதில் சொன்னாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லடி. அந்தப் பக்கம் வரைக்கும் தெரியுது."

"நீ வாம்மா, நீ பார்க்கலையா?" என்று மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நான் நகை வைக்கும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. காதெல்லாம் எரிந்தது. பொத்தானை இந்தப் பக்கம் தள்ளினால், அந்தப் பக்கம் தள்ளினால் என்று இங்க் பேனாவை வைத்துக்கொண்டு நான் செய்த வித்தையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அம்மாமேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. காலி என்று தெரிந்தே தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு எப்படி நிற்கிறாள்? எப்படி இஸ்திரி போட்டுக்கொள்கிறாள்?

ஓரக்கண்ணால் அம்மாவைத் தேடினேன். அவள் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொரிக்காக வெளியே கூடியிருந்தவர்கள், பாதி ஏற்றிய ஷட்டருக்குக் கீழே குனிந்து வேடிக்கை பார்த்தவர்கள், தண்ணீர் கேன் போட வந்தவர், பூக்காரர் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எங்களைப் பார்க்க முகமில்லாமல் அங்கே திரும்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

பொரிப் பொட்டலம் வாங்கியதும் ஜெனியை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சித்தப்பாவின் ஆட்டோ எதிர்ப்பக்கம் நின்றது. சாலையைக் கடப்பதற்குள் பின்னாலிருந்து அம்மா ஓடி வந்தாள். கையில் அவளுக்குக் கொடுத்த இனிப்பு டப்பா. ஜெனியின் முன்னால் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பேன்ட் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் அப்படி உட்கார்ந்தது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

"கண்ணு, உன் பேர் இன்னா?"

"ஜெனி ஆன்ட்டி."

"ஜெனி கண்ணு, உள்ள அந்த சார் சொன்னாரு பாரு, அத நீ யாரண்டயும் சொல்லக் கூடாது. சரியா? ஸ்கூல்லயும் சொல்லாத, வூட்லயும் சொல்லாத."

"ஏன் ஆன்ட்டி?"

"சொல்லாதன்னா சொல்லாத, என் செல்லம் இல்ல?" இனிப்பு டப்பாவை அவள் கையில் வைத்து அழுத்தினாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். "சத்தியம் பண்ணு."

ஜெனி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சத்தியம் பண்ணக் கூடாது ஆன்ட்டி. பைபிள்ல போட்டிருக்கு. மம்மி திட்டுவாங்க."

நீட்டிய கையை என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்படியே வைத்திருந்தாள். "அப்ப உங்க சாமியண்ட எப்டி சொல்லுவீங்களோ அப்டி சொல்லு கண்ணு."

ஜெனி கொஞ்சம் யோசித்தாள். கண்ணை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்தாள். ஆட்டோக்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. கண்ணைத் திறந்து, "ப்ரே பண்ணிட்டேன் ஆன்ட்டி. சொல்ல மாட்டேன்" என்றாள். அம்மா அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையைப் பிடித்துத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். தொப்பியின் கம்பளி என் உள்ளங்கையில் குத்தியது.

"நீயும்தான். யாரண்டயும்."

"இதப் போயி யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றேன் வெடுக்கென்று. நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அவள் எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டாள் என்பது தெரியவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, திரும்பிக் கடைக்குள் போனாள்.

ஜெனி தன் வார்த்தையைக் காப்பாற்றினாள். அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். நானும் காப்பாற்றினேன், ஆனால் வேறு காரணத்துக்காக. பொய்த் துப்பாக்கியோடு நிற்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அம்மா கூச்சப்படுகிறாள், அதற்காகத்தான் ஒரு சின்னப் பெண்ணிடம் தெருவில் உட்கார்ந்து கெஞ்சினாள் என்று நினைத்தேன். என்னைப் போலவே அவளுக்கும் வெட்கம் என்பது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பள்ளியில் துப்பாக்கிப் பேச்சை நிறுத்திவிட்டேன். அந்தக் கடை இருந்த பக்கமே போகாமல் வேறு வழியாகப் போய் வந்தேன். அம்மா நான் கல்லூரி முடிக்கும்வரை அங்கேதான் நின்றாள். தோட்டாக்கள் லாக்கரிலேயே இருந்தன.

வெகு காலம் கழித்துத்தான் எனக்கு அது உறைத்தது. கடைக்குள் கொள்ளையடிக்க நுழைகிறவன் முதலில் தேடுவது நகையை அல்ல, துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதைத்தான். அதில் தோட்டா இருக்கிறது என்று நினைத்தும் அவன் துணிந்து நுழைந்தால் முதல் அடி அம்மாவுக்கு. இல்லை என்று அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், வாசலில் அவள் நிற்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை, தாராளமாக நுழைவான், குறுக்கே நிற்கும் அவளிடம் திருப்பிச் சுட ஒன்றும் இருக்காது. அப்படி ஒருவன் வாசல்படி ஏறாமலே திரும்பிப் போவதில்தான் அவள் உயிர் இருந்தது. அதற்கு அந்த ஒல்லித் துப்பாக்கி நிரம்பியிருக்கிறது என்று ஊர் நம்ப வேண்டும். அன்று காலை ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தவர்களில் யார் காதில் என்ன விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலையும் அவள் போய் நிற்கத்தான் வேண்டும், ஏனென்றால் எனக்குப் பள்ளி இருந்தது.

அன்று அம்மா பயந்திருந்தாள். என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது அந்தப் பயத்தில்தான். பதினோரு வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது வெட்கம் ஒன்றுதான். அவள் பயத்தையும் அதுவென்றே நினைத்துக்கொண்டு, பொரியைக் கொறித்தபடி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.